சின்னஞ்சிறு நாடும் கல்வி மாநாடும்

2011ஆம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் வாழ்வோர் 12 இலட்சத்து 47 ஆயிரத்துக்கும் சற்று மிகுதி. அதே 2011இல் மொரிசியசு நாடு தன் மக்களை எண்ணிப் பார்த்தது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 12 இலட்சத்து 37 ஆயிரம். இரண்டையும் தராசில் இட்டால் முள் பெரிதும் அசையாது. ஒன்று இந்தியப் பெருங்கடலின் நடுவே தனிக் கொடி பறக்கும் நாடு. மற்றொன்று வங்கக் கடலோரத்தில் நாம் வாழும் சிறு நிலப்பகுதி. இந்த ஒப்புமையை மனத்தில் இருத்திக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதப் புகுகின்றோம்.

2012ஆம் ஆண்டு ஆகத்து 28 முதல் 31 வரை நான்கு நாள்கள், அந்தச் சின்னஞ்சிறு நாடு காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைச்சர்களைத் தன் மண்ணுக்கு அழைத்து மாநாடு ஒன்றை நடத்திற்று. அவ்வரிசையில் அது 18ஆவது மாநாடு. இந்தியா, ஆங்கில நாடு, கனடா, ஆத்திரேலியா, நைசீரியா முதலான பேருருவ நாடுகள் உறுப்பு வகிக்கும் அவையில், மொரிசியசின் கல்வி அமைச்சர் வசந்த் பன்வாரி தலைமை இருக்கையில் அமர்ந்தார். அதனால் நமக்கென்ன என்று பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் சுல்தான்பேட்டையிலிருந்தும் நம் வகுப்பறைக்கு வரும் மாணவர் வினவக்கூடும். முறையான வினாவே. அதற்கு விடை கூறுமுன், அத்தீவுக்கும் நம் கரைக்கும் உள்ள பழைய உறவைச் சற்று நினைவுகூர்தல் பொருந்தும்.

1735இல் அத்தீவின் ஆளுநராகப் பொறுப்பேற்ற லபூர்தொனே என்னும் பிரெஞ்சுக்காரர், துறைமுகமும் பண்டகசாலையும் எழுப்புவதற்குக் கொத்தரையும் தச்சரையும் புதுச்சேரிக் கரையிலிருந்து வரவழைத்தார். விரும்பிச் சென்றோரும் உண்டு. அடிமைகளாக விற்கப்பட்டுச் சென்றோரும் உண்டு. 1746இல் சென்னையைக் கைப்பற்றியவரும் இவரே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியோர் இப்பெயரைப் பன்முறை கண்டிருப்பர். கரும்புத் தோட்டக் கூலிகள் கப்பலேறியது அதற்கு ஒரு நூற்றாண்டு பின்னர், 1834ஐ ஒட்டி. போர்ட் லூயி நகரில் இந்திய முஸ்லிம் மாலுமிகளும் தொழிலாளரும் வாழ்ந்த பகுதியில் 1805இல் பள்ளிவாசல் எழுந்தது. அந்நாட்டின் முதற் பள்ளிவாசல் அதுவே. ஆகவே அத்தீவை அயல்நாடு என்று முற்றும் ஒதுக்கிவிட இயலாது. 1989ஆம் ஆண்டு திசம்பரில் ஏழாவது உலகத் தமிழ் மாநாடு அங்கே மோக்கா நகரில் நடைபெற்றதையும் தமிழ்த்துறையார் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்டுப் பணத்தாளில் இன்றும் தமிழ் எழுத்து உண்டு. 1998இல் வெளியிட்ட தாள்களில் தமிழுக்கு முன்பாக இந்தி இடம்பெற, அங்குள்ள தமிழர் கிளர்ந்தெழுந்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. மொழியின் இடம் பற்றி அம்மக்கள் எவ்வளவு விழிப்பாக உள்ளனர் என்பதற்கு இஃதொரு சான்று.

இனி மாநாட்டுக்கு வருவோம். காமன்வெல்த் கல்வி மாநாடுகள் 1959இல் ஆக்சுபோர்டில் தொடங்கின. இன்றும் நம் நாட்டு மாணவர் பெற்றுவரும் காமன்வெல்த் உதவித்தொகைத் திட்டம் அம்முதல் மாநாட்டில் முளைத்ததே. இரண்டாம் மாநாடு 1962 சனவரியில் புதுதில்லியில் கூடிற்று. (அதே ஆண்டு ஆகத்து 16ஆம் நாள்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது, மாநாடு கூடியபோது சட்டத்தின் கண்ணில் நாம் இன்னும் பிரெஞ்சுக்காரர்!) அதன்பின் 1980இல் கொழும்பு, 1990இல் பார்படோசு, 1997இல் போட்சுவானா எனச் சிறிய நாடுகளும் மாநாட்டைக் கூட்டத் தலைப்பட்டன.

இத்தகைய மாநாடு நடைபெறும் முறையை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று. அமைச்சர்கள் வந்திறங்குவதற்கு முன்னரே உயர் அலுவலர்கள் கூடி வரைவுகளை ஆராய்வர். ஆசிரியர் அவை, இளைஞர் அவை, கல்வியில் நாட்டமுடைய பிற அமைப்பினர் அவை என்பன பக்கத்தில் தனித்தனியே கூடும். அங்கு எழும் கருத்துகள் அமைச்சர்கள் முன் வைக்கப்படும். இறுதியில் கூட்டறிக்கை வெளிவரும். அவ்வறிக்கைக்குச் சட்ட வலிமை இல்லை. ஒரு நாடு அதனை நிறைவேற்றாது விடுமாயின் தண்டிப்பார் எவரும் இலர். இதனைக் கொண்டு, விருந்தும் உரையும் தவிர இம்மாநாடுகளில் எதுவும் இல்லை என்று இகழ்வோர் உண்டு. அவ்விகழ்ச்சியில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும் எந்த வினா அவைமுன் வைக்கப்படுகின்றது என்பதை முடிவு செய்வதில், கூட்டும் நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. பெரிய நாட்டின் கண்ணுக்குத் தோன்றாத சிக்கல் சிறிய நாட்டின் முற்றத்தில் வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 2000ஆம் ஆண்டினை ஒட்டி ஆங்கில நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை மிகுந்தது. அந்நாட்டு வேலைவாய்ப்பு முகவர்கள் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று அங்குள்ள பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கூட்டங்கூட்டமாக அழைத்துச் சென்றனர். இலண்டன் மாநகருக்கு ஐம்பது ஆசிரியர் என்பது கடலில் ஒரு துளி. ஒரு சிறு தீவுக்கோ ஐம்பது கணித ஆசிரியர் போய்விட்டால் கணிதமே போய்விடும். அந்த ஆசிரியரைப் படிக்கவைத்துப் பயிற்றுவித்த செலவு ஏழை நாட்டினது. பயன் செல்வ நாட்டினது. 2002 சூலையில் பார்படோசில் கூடிய காமன்வெல்த் அமைச்சர்கள் இதனை வெளிப்படையாகப் பேசினர். மறு ஆண்டு எடின்பரோவில் கூடிய 15ஆவது கல்வி மாநாட்டில் அது மேலும் வலுப்பெற்றது. 2004 செப்டம்பர் 1ஆம் நாள், ஆசிரியரை வேலைக்கமர்த்துவது பற்றிய காமன்வெல்த் நெறிமுறை ஏற்கப்பட்டது. கல்வியாண்டின் நடுவில் ஆசிரியரைப் பிரித்து அழைத்துச் செல்லலாகாது. எந்நாட்டு ஆசிரியரை அழைக்கின்றோமோ அந்நாட்டு அரசுக்கு அறிவிக்க வேண்டும். செல்லும் ஆசிரியருக்கு ஊதியமும் பணி நிலையும் முன்கூட்டியே தெளிவாக உரைக்கப்பட வேண்டும். இவையே அதன் சாரம். இதனை எழுப்பியவை வல்லரசுகள் அல்ல. ஆசிரியரை இழந்து தவித்த தீவுகளே.

கல்வியாண்டின் நடுவே ஆசிரியர் போய்விட்டால் ஒரு வகுப்பு என்ன ஆகும் என்பதை அறியப் பார்படோசுக்குச் செல்ல வேண்டுவதில்லை. நகரத்தை நோக்கி மாறுதல் கேட்கும் ஆசிரியரையும், அவர் இடத்துக்கு மற்றொருவர் வரும்வரை காத்திருக்கும் பிள்ளைகளையும் நம் கொம்யூன்களின் சிற்றூர்கள் நன்கு அறியும். ஆசிரியரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அவருக்கும் குடும்பம் உண்டு, பயணம் உண்டு. ஆனால் சிற்றூரின் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படுவதில்லை என்பதே நம் கவலை.

சிறு நாடுகள் எழுப்பிய மற்றொரு சிக்கல் உயர்கல்வி. எல்லாத் துறைகளுக்கும் பேராசிரியரை அமர்த்திப் பல்கலைக்கழகம் நடத்தும் ஆற்றல் ஓரிலட்சம் பேர் வாழும் தீவுக்கு எங்ஙனம் வரும்? 2000ஆம் ஆண்டு கனடாவின் ஆலிபாக்சில் கூடிய 14ஆவது மாநாட்டில் சிறு நாட்டு அமைச்சர்கள் ஒன்றுகூடி, தொலைவழியில் பாடங்களைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றைத் திட்டமிட்டனர். காமன்வெல்த் உறுப்பினருள் பாதிக்கு மேற்பட்டவை சிறு நாடுகள் என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். கணக்கின்படி பெரும்பான்மையர் அவர்களே!

2012இல் மொரிசியசு கூட்டிய மாநாட்டுக்கு ஒரு காலக் கெடுவும் இருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வி என்னும் குறிக்கோளை 2015க்குள் எட்டுவதாக உலக நாடுகள் 2000ஆம் ஆண்டில் உறுதி கூறியிருந்தன. மூன்றாண்டே எஞ்சியிருந்தது. எட்ட இயலாது என்பது ஏறத்தாழத் தெளிவாகிவிட்டது. எனவே எஞ்சிய இடைவெளியை எவ்வாறு நிரப்புவது, 2015க்குப் பின் என்ன குறிக்கோளை வகுப்பது என்பவையே மாநாட்டின் மையப் பொருளாயின. அமைச்சர்களைக் கொண்ட பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அக்குழு அதே ஆண்டு திசம்பரில் இலண்டனில் கூடித் தன் பரிந்துரைகளை வகுத்தது. 2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட வளர்ச்சிக் குறிக்கோள்களில் கல்வி நான்காவதாக இடம்பெற்றது. பள்ளியில் சேர்த்தால் மட்டும் போதாது, தரமான கல்வியும் அனைவர்க்கும் சமமாகக் கிட்ட வேண்டும் என்று அது கூறிற்று. அதில் மொரிசியசு மாநாட்டின் பங்கு இவ்வளவு என்று அளந்து கூறவியலாது. பல ஆறுகள் சேர்ந்த வெள்ளம் அது.

நம் மனத்தைக் கவர்வது மாநாட்டு அறிக்கையைவிட, மாநாட்டைக் கூட்டிய நாட்டின் சொந்தப் பள்ளிக்கூடமே. மொரிசியசு 1968 மார்ச்சு 12இல் விடுதலை பெற்றது. 1977இல் உயர்நிலைக் கல்வியைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கிற்று. 2005இல் மாணவர்க்குப் பேருந்துக் கட்டணத்தையும் நீக்கிற்று. இவை பெருமைக்குரியவை. ஆனால் அங்கே தொடக்கக் கல்வியின் முடிவில் ஒரு தேர்வு இருந்தது. பதினொரு வயதுப் பிள்ளையின் தலைவிதியை எழுதும் தேர்வு அது. பத்துப் பேரில் மூவர் அளவுக்கு ஆண்டுதோறும் அதில் தோல்வியுற்றனர். வென்றவருள்ளும் முன்வரிசையினருக்கே பெயர்பெற்ற பள்ளிகளின் கதவு திறந்தது. தனிப்பயிற்சி தழைத்தது.

தோல்வியுற்ற பிள்ளைகள் யாவர்? பெரும்பாலும் ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகள். வீட்டில் கிரியோல் பேசுவர்; பள்ளியில் பிரெஞ்சு கேட்பர்; தேர்வை ஆங்கிலத்தில் எழுதுவர். தாயிடம் கற்ற மொழி ஒன்று, ஆசிரியர் விளக்கும் மொழி மற்றொன்று, விடைத்தாளின் மொழி வேறொன்று. மூன்று ஆறுகளை நீந்திக் கடக்க வேண்டிய பிள்ளை இரண்டாவதிலேயே மூழ்குவதில் வியப்பென்ன? தமிழும் உருதுவும் இந்தியும் அரபும் விருப்பப் பாடங்களாக அங்கே கற்பிக்கப்படுகின்றன; அவை முன்னோரின் மொழிகள் என்ற மதிப்பில் வாழ்கின்றன. நாடு முழுவதும் வாயாரப் பேசும் கிரியோலுக்கோ நெடுங்காலம் வகுப்பறைக்குள் இடமில்லை. 2012ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான், அதாவது அம்மாநாடு கூடிய அதே ஆண்டில்தான், கிரியோல் முதல் வகுப்பில் விருப்பப் பாடமாக நுழைந்தது. விருந்தினரை அழைக்குமுன் வீட்டின் இருண்ட மூலையில் ஒரு விளக்கேனும் ஏற்றி வைத்தனர் எனலாம்.

அதற்கு முன்னர் 2003இல் அவர்கள் தொடங்கிய மற்றொரு திட்டம் நம் கருத்தை ஈர்க்கின்றது. அத்தேர்வில் தொடர்ந்து நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவாகவே தேர்ச்சி காட்டிய பள்ளிகளைக் கண்டறிந்து, ஏறத்தாழ முப்பது பள்ளிகளை முன்னுரிமைக் கல்வி வட்டாரம் என்று பெயரிட்டனர். தாழ்ந்த பள்ளியைப் பழிக்காது, அதற்கே கூடுதல் பொருளும் உணவும் ஊக்கமும் தருவது; பெற்றோரையும் சுற்றுப்புறத்தாரையும் பள்ளியோடு இணைப்பது. இஃது அத்திட்டத்தின் போக்கு. எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவு கொடுப்பது நீதி போலத் தோன்றும். பள்ளத்தில் கிடப்போனுக்கும் மேட்டில் நிற்போனுக்கும் ஒரே நீள ஏணியைக் கொடுப்பது போன்றதே அது. திட்டம் முழு வெற்றி பெற்றதென்று நாம் கூற முன்வரவில்லை. பல பள்ளிகள் பின்தங்கியே நின்றன. இறுதியில் 2017இல் அத்தேர்வே கைவிடப்பட்டு, ஒன்பதாண்டுத் தொடர் அடிப்படைக் கல்வி என்னும் புதிய அமைப்பு வந்தது.

எனினும் ஒரு குறை நீங்கவில்லை. மொரிசியசின் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வுகள் இன்றும் கேம்பிரிட்சின் துணையோடுதான் நடைபெறுகின்றன. அதற்கெனத் தேர்வு மன்றம் ஒன்றை 1984இல் நிறுவியும், வினாத்தாளின் வேர் கடலுக்கப்பால் இருக்கின்றது. சிறு நாட்டுக்கு அதில் ஒரு பயன் உண்டு: சான்றிதழை உலகம் மதிக்கும். ஓர் இழப்பும் உண்டு: எதனைக் கற்கத்தக்கது என்று தீர்மானிப்போர் அம்மண்ணில் வாழ்வோர் அல்லர். மேற்கிந்தியத் தீவுகள் 1972இல் தமக்கெனக் கூட்டுத் தேர்வு மன்றத்தை அமைத்துக்கொண்டன. தனியே இயலாததைச் சேர்ந்து செய்தனர்.

இவ்விடத்தில்தான் நம் ஊருக்குத் திரும்புகின்றோம். புதுச்சேரிக்கும் தனிப் பாடத்திட்டம் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடநூலையும், மாகி கேரளப் பாடநூலையும், ஏனாம் ஆந்திரப் பாடநூலையும் நெடுங்காலம் பின்பற்றின. 2023-24 கல்வியாண்டு தொடங்கி அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறின. முன்பு சென்னையில் எழுதப்பட்ட நூல். இப்போது தில்லியில் எழுதப்படும் நூல். தமிழ் மொழிப்பாடமாக நிற்க, ஏனைய பாடங்களை ஆங்கிலத்தில் பயிலும் நிலை பரவியுள்ளது. நாட்டின் நுழைவுத் தேர்வுகளுக்கு இது துணை செய்யும் என்று வரவேற்கும் பெற்றோர் பலர். அவர்கள் எண்ணத்தை நாம் எள்ளி நகையாடோம். ஏர் பிடித்தவரின் மகளும் மருத்துவராக வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் வீட்டில் ஆங்கிலம் ஒலிக்காத பிள்ளைக்கு அறிவியலும் ஆங்கிலமும் ஒருங்கே புதியனவாக வரும்போது, எதில் இடறினான் என்று ஆசிரியருக்கும் விளங்காது போகின்றது. மொரிசியசின் கிரியோல் பிள்ளையும் நம் பாகூர்ப் பிள்ளையும் ஒரே வாசற்படியில் நிற்கின்றனர்.

தன் பிள்ளைகளின் கல்வியைத் தானே எண்ணிப் பார்த்த ஊர் பாகூர். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வித்தியாத்தானம் என்னும் உயர்கல்வி நிலையத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களின் வருவாய் வழங்கப்பட்டதைத் தெரிவிக்கின்றது. நம் சமுதாயத்தார் வக்ஃபு எனப் போற்றும் நிலையான அறக்கொடையின் தன்மை அதில் உண்டு. அக்கல்வி எல்லார்க்கும் திறந்திருந்ததா? இல்லை, அது வேதம் பயின்றோருக்குரியது. அக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு கல்விச்சாலையைத் தாங்குவதற்கு ஊர்களின் வருவாயையே ஒதுக்கிய முன்மாதிரி நம் மண்ணில் உள்ளது.

பிரெஞ்சு ஆட்சியிலும் இக்கிராமப் பள்ளிகள் வெறும் சுவர்களாக இருந்ததில்லை. 1909இல் காரைக்கால் பகுதியில் தமிழாசிரியராகப் பணியேற்ற பாரதிதாசன், அரசுப் பள்ளிகளில் முப்பத்தேழு ஆண்டுகள் தமிழ் கற்பித்தார். அவரிடம் பயின்ற வாணிதாசன் 1915இல் வில்லியனூரில் பிறந்தவர், பாகூரை அடுத்த சேலியமேட்டில் வாழ்ந்தவர், அவரும் ஆசிரியர். பிரெஞ்சும் நன்கறிந்தவர். ஆட்சிமொழி அயல்மொழியாக இருந்த காலத்தில், தமிழ்ப்பாட வேளை ஒன்றைக் கொண்டே இவர்கள் ஒரு தலைமுறையை உருவாக்கினர்.

காமன்வெல்த் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் தில்லி அமர்கின்றது. புதுச்சேரிக்குத் தனி இருக்கை இல்லை, வில்லியனூருக்கு எங்ஙனம் இருக்கும்? ஆனால் சட்டம் ஓர் இருக்கையை வேறிடத்தில் தந்துள்ளது. 2010 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கின்றது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரும் பாதுகாவலருமாக இருத்தல் வேண்டும். பாதியினர் பெண்களாக இருத்தல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது அக்குழுவின் கடமை. ஆசிரியர் இடம் எத்தனை நாளாகக் காலியாக உள்ளது, ஆங்கில நூலை வாசிக்கத் திணறும் பிள்ளைக்குத் தமிழில் விளக்கும் தனிவேளை உண்டா, பின்தங்கிய பள்ளிக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும் என்று பார்படோசும் மொரிசியசும் உலக அவையில் வைத்த அதே வினாக்களை, பாகூரில் ஒரு தாய் அக்குழுவில் வைக்கலாம். எழுத்தில் பதியுமாறும் கேட்கலாம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து வரும் நம் மாணவர் எண்மரிடம், தாம் படித்த தொடக்கப் பள்ளியில் மேலாண்மைக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுவருமாறு கூறியிருந்தோம். இதுவரை ஐவர் விடை கொணர்ந்தனர். இருவர் தேதியோடு வந்தனர். அவருள் ஒருவரின் தாயே குழுவின் உறுப்பினர் என்பது அன்றுதான் அவருக்குத் தெரியவந்ததாம். எஞ்சிய மூவரிடம், தலைமையாசிரியரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறி அனுப்பியிருக்கின்றனர்.